ஏணியை முறிக்கும் சொல்

சொல்லால் என்ன ஆகும் என்று கேட்போர் உளர். பேசிப் பேசியே காலத்தைக் கழித்த கூட்டம் என்று நம்மை ஏளனம் செய்வோரும் உளர். மேடை, மாலை, ஒலிபெருக்கி, கைதட்டல். அதற்கு மேல் என்ன கண்டீர்கள் என்பது அவர்கள் கேள்வி.

நாமும் ஒன்று கேட்போம். சொல்லுக்கு வலிவு இல்லை என்றால், 1936-ஆம் ஆண்டு லாகூரில் சாதி ஒழிப்புப் பேசிய சங்கத்தார் ஏன் நடுங்கினர்? எங்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்க வாருங்கள் என்று டாக்டர் அம்பேத்கரை அழைத்தவர்கள் அவர்களே. அவர் எழுதிய தலைமை உரையைப் படித்துப் பார்த்ததும் மாநாட்டையே கைவிட்டவர்களும் அவர்களே. அம்பேத்கர் வாள் அனுப்பவில்லை, வெடிகுண்டு அனுப்பவில்லை, தாளில் எழுதிய உரையைத்தான் அனுப்பினார். பேசப்படாத அந்தப் பேச்சைத் தம் செலவிலேயே அச்சிட்டார். தமிழிலே அதைத் தந்தது பெரியாரின் ‘குடி அரசு’. மேடை மறுக்கப்பட்ட அந்த உரை இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது. அழைத்துவிட்டுக் கதவடைத்தவர்கள், கதவடைத்தவர்கள் என்ற அளவிலேதான் நினைக்கப்படுகிறார்கள்.

ஆகவே தோழர்களே, சொல்லுக்கு வலிவு உண்டா என்பதன்று நம் ஆராய்ச்சி. எந்தச் சொல்லுக்கு வலிவு உண்டு? அதுதான் அறிய வேண்டுவது. சாதிக் கொடுமையை எதிர்த்து எழும் சொற்கள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. ‘நாங்களும் மேலே இருக்க வேண்டியவர்கள்’ என்று வாதாடும் சொல் ஒன்று உண்டு. ‘மேல் என்று ஒன்று எதற்காக இருக்க வேண்டும்?’ என்று கேட்கும் சொல் மற்றொன்று. முன்னது ஏணியில் ஏறப் பார்க்கிறது. பின்னது ஏணியை முறிக்கப் பார்க்கிறது. கேட்கும்போது இரண்டும் புரட்சி போலவே ஒலிக்கும். விளைவிலேதான் வேறுபாடு விளங்கும்.

அந்த விளைவைக் காண நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கமுதி, சிவகாசி, விருதுநகர் என்னும் நம் கரிசல் மண்ணே பாடப் புத்தகமாக விரிந்து கிடக்கிறது. படிப்பதற்குத்தான் துணிவு வேண்டும்.

1897-ஆம் ஆண்டு மே மாதம். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் நுழைந்து வழிபட்டனர். உழைத்தவர்கள், வாணிபத்தால் வளர்ந்தவர்கள், தங்கள் வருமானத்திலிருந்து ‘மகிமை’ என்று ஒரு பங்கைப் பொதுவுக்கு ஒதுக்கி, கல்வி வளர்த்தவர்கள். ஆயினும் ஆலயக் கதவு அவர்களுக்கு அடைத்தே கிடந்தது. உள்ளே சென்றார்கள் என்பதற்காக இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். தீட்டுப் பட்டுவிட்டதாம்! தீட்டுக் கழிக்கச் செலவாகுமாம்! அந்தச் செலவை வழிபட்டவர்களே தர வேண்டுமாம்!

வழக்கு மதுரையிலே தொடங்கியது. சென்னை உயர்நீதிமன்றம் ஏறியது. கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சிலின் படியையும் மிதித்தது. 1908-ல் அங்கேயும் தோல்வி. வழக்கு நடந்துகொண்டிருந்த நாளிலேயே, 1899 ஜூன் 6 அன்று, ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கினர். வீடுகள் வெந்தன, உயிர்கள் மாய்ந்தன. ஆண்டவன் சந்நிதியில் நிற்க ஆசைப்பட்ட குற்றத்துக்கு இத்தனை தண்டனை!

அந்த வழக்கிலே நாடார் தரப்பு எந்த வாதத்தை எடுத்து வைத்தது? அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே துண்டு நூல்கள் வெளிவந்துகொண்டிருந்தன. கால்டுவெல் 1849-ல் எழுதிய நூல் அந்த மக்களைத் தாழ்த்தி எழுதிற்று. திராவிட மொழிகளின் தனிப்பெருமையை 1856-ல் நிலைநாட்டிய அதே பேனாதான் பனையேறும் மக்களைப் பற்றி அப்படியும் எழுதியது! அதற்கு மறுப்பாகச் சற்குணர் போன்றோர் எழுதினர். ‘நாங்கள் தாழ்ந்தவர் அல்லர், ஆண்ட பரம்பரையினர், சத்திரியர், பூணூலுக்கு உரியவர்’ என்பது அந்த மறுப்பின் சாரம். நீதிமன்றத்திலும் அதுவே ஒலித்தது.

அடிபட்டவன் அலறும்போது அதில் இலக்கணப் பிழை தேடும் புலவர்கள் அல்லர் நாம். அந்தக் குரலின் வேதனை உண்மை. அதன் மானம் உண்மை. இழிவுப் பெயரை ஏற்க மறுத்துப் போராடி, 1921-ல் அரசு ஏடுகளிலிருந்தே அந்தப் பழைய பெயரை நீக்கி, நாடார் என்று எழுத வைத்தது சிறிய வெற்றியன்று. ஆனால் வாதத்தைப் பிரித்துப் பாருங்கள். ‘தாழ்ந்தவன் நுழைந்தால் தீட்டு என்கிறாயே, அது பொய்’ என்று அது சொல்லவில்லை. ‘தாழ்ந்தவன் நுழைந்தால் தீட்டுத்தான்; ஆனால் நாங்கள் தாழ்ந்தவர் அல்லர்’ என்றே சொல்லிற்று. எதிரியின் அளவுகோலை எடுத்து, அதனாலேயே தன் உயரத்தை அளந்து காட்டிற்று. அளவுகோல் எவன் கையிலே இருக்கிறதோ, அவன் சொல்வதுதானே அளவு? நீதிபதிகளுக்கு வேலை எளிதாயிற்று. வழக்கம் என்ன என்று பார்த்தனர். உன் படி இதுதான் என்று கூறி முடித்தனர்.

அப்படியானால் கதவு எப்போது திறந்தது? 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் அழைத்துச் சென்ற குழுவிலே, ஒடுக்கப்பட்ட வகுப்புத் தோழர்களும் இருந்தனர். நாடார் ஒருவரும் இருந்தார். அவ்வாண்டே கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. கோயிலுக்குள் இருக்கும் கல்லைப் பற்றி நம் கருத்து நாடறிந்தது. அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. கதவைப் பற்றிய பாடம் மட்டும் நமக்குப் போதும். ‘எங்களுக்கு மட்டும்’ என்று தட்டியபோது திறக்காத கதவு, ‘எல்லோருக்கும்’ என்று தட்டியபோது திறந்தது!

இந்த உண்மையை அந்தச் சமூகத்திலே பிறந்த ஒருவரே உரக்கச் சொன்னார். பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் அவர். பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதி வாலை அறுத்தெறிக என்று முழங்கிய மாநாடு அது. எங்கள் வால் நீளமானது, எங்கள் வால் பொன்னாலானது என்று பெருமை பேசிய நாட்டிலே, வாலே வேண்டாம் என்ற குரல்! 1931-ல் அந்தக் குரல் விருதுநகருக்கே மாநாடாக வந்தது. விருதுபட்டி என்ற ஊர் விருதுநகர் ஆகி அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊரின் பெயர் மாறியதை உள்ளத்தின் மாற்றமாக ஆக்கப் பார்த்த மாநாடு அது.

முழக்கத்தோடு முடிந்ததா? இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது சௌந்தரபாண்டியனார் ஓர் ஆணை பிறப்பித்தார். அந்நாளிலே பேருந்து முதலாளிகள் ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்றுவதில்லை. காசு கொடுத்தாலும் இடமில்லை. கால் வைத்தாலே குற்றம். அவர்களை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்றார் அவர். தன் சாதிக்கு ஒரு நல்ல இருக்கை கேட்கவில்லை. கடைசி மனிதனுக்கு இருக்கை உண்டு என்று ஆணையிட்டார். ஏணியை முறிக்கும் சொல் என்று நாம் கூறுவது இதைத்தான்.

ஆனால் அதே சாலையில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகிய பின் நடந்ததையும் நாம் மறைக்கக் கூடாது. 1997-ஆம் ஆண்டு. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசுப் போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டது. சுந்தரலிங்கம் யார்? கட்டபொம்மனின் படைத்தலைவர், வெள்ளையனை எதிர்த்து உயிர் கொடுத்தவர், தேவேந்திர குலத்திலே பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர் சிலர்! எதிர்ப்பு மூண்டது, கலவரம் வெடித்தது, மாவட்டமே பற்றி எரிந்தது. முடிவிலே அந்த ஒரு பெயர் மட்டுமா போயிற்று? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும், தலைவர்களின் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. ஒருவன் பெயரைத் தாங்க மறுத்ததால் அனைவர் பெயரும் அழிந்தன.

முன்னே, பேருந்துக்குள் யார் அமரலாம் என்ற வழக்கு. பின்னே, பேருந்தின் மீது யார் பெயர் எழுதலாம் என்ற வழக்கு. முதலாவதைச் சட்டம் வென்றது. இரண்டாவதைச் சட்டத்தால் வெல்ல முடியவில்லை. ஏன்? இருக்கையை ஆணையால் தரலாம். மதிப்பை ஆணையால் தர இயலாது. அது மனத்திலே விளைய வேண்டும். மனத்தை உழுவதற்கு மேடைப் பேச்சு மட்டும் போதாது. அங்கேதான் கதை வருகிறது.

மேடை கூட்டத்தை நோக்கிப் பேசும். கதை தனி மனிதனின் காதோடு பேசும். மேடையிலே ‘அவர்கள்’ என்று சுட்டப்படுபவன், கதையிலே ‘நான்’ என்று எழுந்து நிற்பான். கேட்பவன் அவன் கண்ணாலே உலகத்தைப் பார்த்தே தீர வேண்டும். அமெரிக்க நாட்டிலே கறுப்பரை ஆடுமாடுகள் போல் விற்ற காலத்தில், ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 1852-ல் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ என்ற புதினத்தை வெளியிட்டார். அடிமை முறைக்கு எதிராக ஆயிரம் கூட்டங்கள் எழுப்பாத கண்ணீரை அந்நூல் எழுப்பிற்று. 1873-ல் மராட்டியத்துச் சோதிராவ் பூலே தம் ‘குலாம்கிரி’யை எழுதியபோது, அடிமைகளை விடுவித்த அமெரிக்க நன்மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். அங்கே நிறம், இங்கே சாதி. விலங்கு ஒன்றே என்று அன்றே கண்டவர் அவர்.

அந்த ஒற்றுமையைத் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றும் காட்டியது. 1959-ல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங் அங்கே ஒடுக்கப்பட்ட மாணவர் நடுவே சென்றார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தார். முதலில் அந்தச் சொல் கிங்கைச் சுட்டது. பிறகு தம் நாட்டிலே சேரிகளில் அடைபட்டுக் கிடக்கும் தம் மக்களை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டப்படாதவனே என்று ஒப்பினார். பின்னாளில் தம் சபையிலேயே இதை எடுத்துரைத்தார். உலகம் போற்றிய பேச்சாளர். மேல்படி ஒன்றைத் தேடி ஓடவில்லை. கடைசிப் படியிலே நிற்பவனோடு தன்னைச் சேர்த்துக்கொண்டார். இதனினும் பெரிய பேச்சு எது?

கதையிலும் இருவகை உண்டு என்பதையும் மறவாதீர். ஸ்டோவ் அம்மையாரின் நூலை, 1949-ல் ஜேம்ஸ் பால்ட்வின் என்னும் கறுப்பின எழுத்தாளர் கடுமையாகச் சாடினார். கண்ணீரைப் பெருக்கும் கதை, கறுப்பனை முழு மனிதனாகக் காட்டத் தவறியது என்பது அவர் குற்றச்சாட்டு. உண்மைதானே? இரக்கம் எப்போதும் மேலே இருந்து கீழே சொட்டுவது. ‘ஐயோ பாவம்’ என்பவன் தன் படியை விட்டு இறங்குவதில்லை. இரங்க வைக்கும் கதை நல்ல கதை. மதிக்க வைக்கும் கதையோ ஏணியை அசைக்கும் கதை.

அத்தகைய கதைகள் நம் கரிசலிலே விளைந்திருக்கின்றன. பூமணி 1979-ல் ‘பிறகு’ தந்தார். அதன் நாயகன் செருப்புத் தைக்கும் அழகிரி. அவனுக்காக நம்மை அழச் சொல்லவில்லை பூமணி. அவன் வேலையை, வேடிக்கைப் பேச்சை, மகள்மீது வைத்த பாசத்தை, ஊரை அளந்து பார்க்கும் அறிவை நம் முன்னே வைக்கிறார். சுதந்திரம் வந்தது என்கிறார்களே, அது அழகிரி வீட்டு வாசலுக்கு எப்போது வந்தது என்று நம்மையே கேட்க வைக்கிறார். அதே பூமணி 2012-ல் வெளியிட்டு, 2014-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘அஞ்ஞாடி’யிலே கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கொள்ளையும் வருகின்றன. எரிந்த வீடுகளின் கதையை அந்த வீட்டாரின் சாதியிலே பிறக்காத ஒருவர் உள்ளம் உருகி எழுதினார். அதைக் கவனியுங்கள்! தன் காயத்தை மட்டும் எழுதுவது நினைவு. பிறர் காயத்தையும் தன் காயமாக எழுதுவதே நீதி.

பாமா, இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் புதுப்பட்டியிலே பிறந்தவர். 1992-ல் ‘கருக்கு’ எழுதினார். அதிலே ஒரு காட்சி. தெருவிலே பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பள்ளி விட்டு வரும் சிறுமிக்கு அது சிரிப்பாக இருக்கிறது. வீட்டிலே சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் விளக்குகிறான்: பெரியவர் கை பட்டால் அதை வாங்கும் நிலக்காரருக்குத் தீட்டு. சிறுமியின் சிரிப்பு நின்றுபோகிறது. நமக்கும்தான். தீண்டாமை தீது என்று நூறு மேடைகளில் முழங்குகிறோம். அந்த ஒரு நூலிழையிலே தொங்கும் பொட்டலம் அத்தனை முழக்கத்தையும் மிஞ்சிவிடுகிறது. அதை அவர் எழுதிய தமிழ் எது? அம்மக்கள் வாயிலே வழங்கும் தமிழ். இலக்கணச் சுத்தம் பேசியோர் முகம் சுளித்தனர். சுளிக்கட்டும்! கோயிலுக்குள் ஆளை விடாதவனுக்கும், ஏட்டுக்குள் அவன் பேச்சை விடாதவனுக்கும் பெரிய வேறுபாடு என்ன?

இங்கே நம்மவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிவகாசியிலே இருவகை நெருப்பு உண்டாகிறது. ஒன்று வாணம்; வானிலே பூப்பூவாய் விரிந்து, கண்ணைப் பறித்து, மறுகணம் கரிந்து விழும். மற்றொன்று தீக்குச்சி, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்து 1923-ல் தொடங்கி வைத்த தொழில். அதற்கு ஓசையில்லை, ஒய்யாரமில்லை. ஆனால் ஏழை வீட்டு அடுப்பை எரியச் செய்யும், இருட்டிலே விளக்கை ஏற்றும். நம் மேடைத் தமிழ் எது? எதுகை துள்ளுகிறது, மோனை முந்துகிறது, கைதட்டல் காதைப் பிளக்கிறது. கூட்டம் கலைந்தபின் கடைசித் தெருவிலே ஒரு விளக்காவது எரிகிறதா? பெரியாரின் பேச்சிலே அலங்காரம் குறைவு. ஏன், எதற்கு, எப்படி என்ற கேள்விகளே அவர் அணிகலன்கள். நான் சொன்னதற்காக நம்பாதே, நீயே எண்ணிப் பார் என்று முடிப்பார். அண்ணாவின் தமிழிலே அழகு உண்டு. ஆனால் ‘வேலைக்காரி’யிலே அந்த அழகு ஏவல் செய்தது ஏழைக்காக. அழகு கூடாது என்பது நம் வாதமன்று. அழகு யாருக்கு வேலை செய்கிறது என்பதே நம் வினா.

இன்றைக்கும் மேடைதோறும் ‘நாங்கள் ஆண்ட பரம்பரை’ என்ற முழக்கம் கேட்கிறதே! எல்லோரும் ஆண்ட பரம்பரை என்றால், ஆளப்பட்ட பரம்பரை எங்கே போயிற்று? அது கடைசித் தெருவிலே இருக்கிறது. ஒவ்வொரு சாதியும் தன் கொடுமைக் கதையைக் கண்ணீரோடு சொல்கிறது. தான் செய்த கொடுமையைச் சொல்லும்போது மட்டும் ஊமையாகிறது. கமுதியிலே கதவடைக்கப்பட்டவரின் பேரர் தம் வாயிலில் யாரை நிறுத்துகிறார்? சிவகாசியிலே எரிந்த வீட்டின் வாரிசு தம் வீட்டிலே யாருக்குத் தனிக் குவளை வைக்கிறார்? எந்தச் சாதியையும் தனித்துச் சுட்டி நாம் இதைக் கேட்கவில்லை. படியிலே நிற்கும் ஒவ்வொருவரையும் கேட்கிறோம். மேல்படி மிதித்த வடுவைக் காட்டும் கை, கீழ்ப்படியை மிதிக்கும் காலையும் காட்டட்டும்.

பள்ளியிலே பணியாற்றும் நாம் நாள்தோறும் காண்பது என்ன? ஐந்தாம் வகுப்புச் சிறுவன் அறுபது வயதுப் பெரியவரை ‘வாடா, போடா’ என்கிறான். யார் கற்பித்தார்? பாடநூலிலே அது இல்லை. வீட்டுத் திண்ணையிலே இருக்கிறது. நாங்குநேரியிலே 2023-ல் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-ல் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு மாணவர் கையிலே கூடாது, பள்ளியின் பெயரிலே சாதி கூடாது என்று பரிந்துரைத்தது. 2025-ல் ‘காலனி’ என்ற சொல்லே இழிவின் அடையாளமாகிவிட்டது, அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குகிறோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம்! ஆனால் 1997-ஐ மறவாதீர். பலகையிலிருந்து பெயரை அழிப்பது எளிது. நாவிலிருந்து இழிவை அழிப்பதே கடினம். கயிற்றை அறுக்கலாம், அதைக் கட்டிய கதையை, வேறொரு கதையால்தான் அறுக்க முடியும்.

ஆகவே இளைஞர்களே, பணி இது. உங்கள் படிப்பகத்திலே அடுத்த ஞாயிறு பேச்சுப் போட்டி வேண்டாம். ‘பிறகு’ம் ‘கருக்கு’ம் கொண்டு வாருங்கள், உரக்கப் படியுங்கள். படிப்பவர் கடைசித் தெருத் தோழராக இருக்கட்டும். கேட்பவர் முதல் தெருக்காரராக இருக்கட்டும். மேடை போடும்போது, யாருக்காகப் பேசுகிறோமோ அவரிடமே ஒலிபெருக்கியைக் கொடுங்கள். முதியவர் எவராயினும் ‘வாங்க, உட்காருங்க’ என்று அழையுங்கள். உங்கள் தம்பி தங்கையரையும் அழைக்கச் செய்யுங்கள். பேச எழும்போதெல்லாம் ஒரே ஒரு சோதனை வையுங்கள்: இந்தச் சொல் எனக்கொரு படி கேட்கிறதா, படியே கூடாது என்கிறதா?

முதல் வகைச் சொல்லை இலண்டன் வரை கொண்டு சென்று தோற்றது இந்த மண். இரண்டாம் வகைச் சொல்லால் பேருந்தின் கதவைத் திறந்ததும் இதே மண்தான். எந்தச் சொல்லைக் கையில் எடுப்பது என்பதில் இனியும் ஐயமா?